உள்மூலை

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் வில்பிரட் வீட்டு முன்னறையில் ஆறு பேர் இருந்தோம். சோபாவில், இடது கை மாவுக்கட்டைத் தலையணை மேல் வைத்தபடி, அஸ்தினாபுரத்திலிருந்து வந்த அனந்தகிருஷ்ணன். அவருக்கு எதிரே கட்டில் விளிம்பில், பிளக் பாயிண்டை ஒட்டி, லேப்டாப்போடு மெர்வின். வில்பிரட்டின் மைத்துனன், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. பேன்ட்டெல்லாம் கிரீஸ், சோபா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் லோகநாதன். மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். சமையலறை வாசலில், அடுப்பில் ஒரு கண்ணும் எங்கள் மேல் ஒரு கண்ணுமாக வில்பிரட்டின் மனைவி ரத்தினபாய். பட்டறையிலிருந்து எடுத்து வந்த மர ஸ்டூலில் வில்பிரட். காலண்டருக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், தாளும் பேனாவுமாக நான், அடுத்த வீட்டு சூர்யநாராயணன். முப்பத்தொரு வருஷம் அலுவலகத்தில் கடிதம் எழுதியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நடுவே டீப்பாயில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் உடைந்துபோன ஒரு கிளாம்ப்.

அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் சின்னப் பெட்ரோல் எஞ்சினை மாட்டி ஓட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் தாம்பரத்தைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் இருக்கிறார்கள். எஞ்சின் பெட்டியில் வந்துவிடும். அதன் சங்கிலி இழுக்கும் பெரிய பல்சக்கரத்தைப் பின்சக்கரத்தில் பிடித்து நிறுத்துவதுதான் பாடு. பெட்டியோடு வருகிற ரப்பர் பட்டையை வைத்து ஸ்போக்குகளோடு முடுக்கினால் ஒரு மாதத்தில் ஸ்போக்குகள் அறுந்துவிடும். வில்பிரட் இதற்கு ஒரு வழி கண்டார். நம் ஊர் சைக்கிள் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பை இரண்டு பக்கமும் கவ்வுகிற அலுமினிய அரைவட்டத் துண்டுகள் இரண்டு. கவ்வுவதற்கு ஒரு கழுத்து, பல்சக்கரம் உட்கார அதைச் சுற்றி ஒரு தட்டு, நாலு போல்ட். குரோம்பேட்டையில் வேலை பார்த்த கம்பெனி மூடியபோது அங்கிருந்து உலோகம் கடைகிற பழைய லேத் ஒன்றை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், ஏரித் தண்ணீர் உள்ளே வந்தாலும் எட்டாதபடி கான்கிரீட் மேடை கட்டி நிறுத்தியிருந்தார். ஐந்து வருஷமாக ரத்தினபாயின் பள்ளிக்கூடச் சம்பளமும் இந்தக் கிளாம்பும்தான் குடும்பத்தை ஓட்டின.

ஆறு மாதமாகக் கிளாம்ப் விற்கவில்லை. அதே கிளாம்ப், கறுப்புப் பூச்சு பூசிப் பளபளவென்று, வெளிநாட்டிலிருந்து இறங்கி, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஆன்லைனில் வந்துவிட்டது. அனந்தகிருஷ்ணன் வாங்கியது அதைத்தான். ஏழாவது வாரம், முடிச்சூர் பக்கம் ஆளில்லாத லேஅவுட் சாலையில் அது உடைந்தது. பல்சக்கரம் சாய்ந்து, சங்கிலி ஸ்போக்குகளுக்குள் புகுந்து, சக்கரம் பூட்டிக்கொண்டது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. முன்பல் ஒன்று போயிற்று.

"முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் அனந்தகிருஷ்ணன். பல் போன இடத்தில் காற்று சீறியது. "தப்பு என்னோடது. வில்பிரட் சார்கிட்டயே வாங்கியிருக்கணும். விலையைப் பார்த்து சபலப்பட்டுட்டேன். சாரி சார்."

வில்பிரட் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இன்னாத்துக்கு சார் சாரி சொல்ற?" என்றார் லோகநாதன். "நான்தான் சொல்லணும். என் கடையிலயே அந்தக் கறுப்பு மால் பத்து பீஸ் தொங்கிகினு கீது. அண்ணன் வர்றப்ப மட்டும் டியூபைப் போட்டு மறைச்சுடுவேன்."

"தெரியும்," என்றார் வில்பிரட். "வெறும் டியூபுக்கு ஆணி அவ்வளவு வளையாது."

எல்லோரும் சிரித்தோம். லோகநாதன்தான் அதிக நேரம் சிரித்தார்.

வெளியே மழை மறுபடியும் பிடித்தது. ரத்தினபாய் வாழைக்காய் பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அனந்தகிருஷ்ணனுக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் கேசரி. "இது கடிக்க வேண்டாம் சார், அப்படியே முழுங்கலாம்," என்றார்.

மெர்வின் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "நாலு வருஷம் முந்தி அத்தானோட ட்ராயிங்கை நான்தான் ஒரு ஹாபி சைட்ல ஏத்தினேன். நாலு பேர் பார்த்து யோசனை சொல்லுவாங்கன்னு. இந்தச் சின்ன ஓட்டையைப் பாருங்க. அத்தான், இது எதுக்கு?"

"லேத்துல மாட்டுறப்போ நான் ஒரு பின் போடுவேன். அதுக்கு."

"கிளாம்புக்கு அதால பிரயோஜனம் உண்டா?"

"கிடையாது."

"அவன் மால்லயும் அதே இடத்துல அதே ஓட்டை! ஈயடிச்சான் காப்பி. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"போலீசுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

"நல்லாச் சொன்ன சார்," என்றார் லோகநாதன். "நம்பர் பிளேட் இல்லாத வண்டி. போலீஸ்காரன் மொதல்ல சைக்கிளைத்தான் தூக்கிகினு போவான். அப்பால இவரை."

ஆகவே கடிதம் என்று முடிவாயிற்று. நுகர்வோர் அமைப்புக்கு ஒன்று; அதையே சைக்கிள்காரர்களின் எல்லா வாட்ஸப் குழுவிலும் போடுவது. மெர்வின் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிவில் இப்படி வந்தது: 'மூல வடிவமைப்பில் எந்தக் குறையும் இல்லை. நகலில் பயன்படுத்தப்பட்ட மட்டமான உலோகமே விபத்துக்குக் காரணம்.' எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு, கையெழுத்துக்காகத் தாளை வில்பிரட்டிடம் நீட்டினேன்.

அவர் தாளை வாங்கவில்லை. உடைந்த துண்டு ஒன்றை எடுத்தார். கழுத்தும் தட்டும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒருமுறை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார்.

"இன்னைக்கு வேண்டாம் சார்," என்று சொல்லி, துண்டோடு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

"மழையில லேத்துக்குத் தண்ணி வந்துடுச்சோன்னு பார்க்கப் போறாரு," என்றான் மெர்வின். யாரும் வேறு விதமாக நினைக்கவில்லை. மழை சற்று விட்டதும் மூன்று பேரும் கிளம்பினார்கள். அனந்தகிருஷ்ணனுக்கு லோகநாதன் குடை பிடித்துத் தெருமுனை ஆட்டோ வரை கொண்டுபோய் விட்டார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ரத்தினபாய் எனக்கு முன்பே அங்கே இருந்தார். தகரத்தின் மேல் சொட்டும் சத்தம். குளிரூட்டும் எண்ணெயின் வாசனை. லேத்தின் மேல் விளக்கின் கீழ் இரண்டு துண்டுகளை வில்பிரட் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்: உடைந்த கறுப்பு ஒன்று, அவர் செய்த வெள்ளை ஒன்று.

"சார், தொட்டுப் பாருங்க," என்றார். "கறுப்புல மூலை கத்தி மாதிரி கூரா இருக்கா? கூரா இருந்தா விரிசல் அங்கதான் பிறக்கும். என்னோடதுல பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். வெள்ளையில் விரல், கிண்ணத்தின் உட்புறத்தில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அப்போ உங்களுது நல்லதுதானே? இதையும் கடிதத்துல சேர்த்துடலாம்."

"இப்போ நல்லது. நெட்ல ஏத்தின படத்துல கூர் மூலைதான் சார்."

ரத்தினபாய், "எப்போ மாத்தினீங்க?" என்று கேட்டார்.

"படம் ஏத்தி மூணு நாலு மாசம் இருக்கும்."

"ஏன் மாத்தினீங்க?"

"என் சொந்த வண்டியில முடி மாதிரி ஒரு விரிசல் தெரிஞ்சுது. கிரைண்டர்ல, கடையுற டூலோட முனையைக் கொஞ்சம் மழுக்கி உருட்டினேன். ஒரு நிமிஷ வேலை. அன்னையிலேருந்து மூலை வளைவாத்தான் வருது."

"படத்துல மாத்தலையா?"

"படம் எதுக்கு? கைக்குத் தெரியும்."

"அதுக்கு முந்தி வாங்கினவங்ககிட்ட சொன்னீங்களா?"

வில்பிரட் மேடையில் கிடந்த அலுமினியச் சுருள்களைக் கையால் ஒருபக்கமாக ஒதுக்கினார்.

"எத்தனை பேரு?"

"பத்தொன்பது."

"நாலு வருஷமா?" என்றார் ரத்தினபாய். "ஒவ்வொரு பெட்டியையும் நான்தானே ஒட்டினேன். உள்ள ஒரு பைபிள் வசனம் வேற எழுதிப் போட்டேன்."

"உலோகமும் மட்டம்தான்," என்றார் வில்பிரட் என்னைப் பார்த்து. "வார்ப்புல குமிழி இருக்கு. அதனாலதான் ஏழே வாரத்துல போச்சு. நல்ல உலோகம்னா தாங்கும். ஆனா எவ்வளவு நாளைக்குன்னு சொல்ல முடியாது."

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போய் வந்ததும், விலாசங்கள் எழுதிய பழைய பள்ளிக்கூட நோட்டை ரத்தினபாய் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பெயரும் நம்பரும் படிக்க, வில்பிரட் போன் செய்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு: வண்டியை ஓட்டாதீர்கள், கிளாம்பைக் கழற்றி வையுங்கள், புதிதாக அனுப்புகிறேன், பணம் வேண்டாம். பதினாறு பேர் கிடைத்தார்கள். ஒருவர் சைக்கிளை விற்றிருந்தார்; வாங்கியவரின் நம்பரைத் தேடிக் கொடுத்தார். ஒருவர், "ரெண்டு வருஷமா அதுல துணிதான் காயுது, பரவாயில்லை," என்றார். சேலத்துக்காரர் ஒருவர் அப்போதே கழற்றிப் படம் அனுப்பினார். மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அந்தப் படத்தை வில்பிரட் மெர்வினுக்கு அனுப்பவில்லை. மனைவியிடம் காட்டினார். மீதி மூன்று பேருக்கு, நம்பர் மாறிவிட்டதால், சாமானோடு தகவலும் எழுதிக் கூரியரில் அனுப்புவது என்று வைத்துக்கொண்டார்கள்.

திங்கள், செவ்வாய் முழுக்க லேத் ஓடியது. புதன்கிழமை மாலை, தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் அழைத்துக்கொண்டு வில்பிரட் அஸ்தினாபுரம் போனார். அனந்தகிருஷ்ணன் வீட்டில் அவரும் அவர் அம்மா காமுவும் இருந்தார்கள். கையைப் பற்றிய விசாரிப்பு, பல் டாக்டர் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு, கூர் மூலை, டூல் முனை, பத்தொன்பது பேர் என்று ஒன்றுவிடாமல் வில்பிரட் சொன்னார். அனந்தகிருஷ்ணன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க? நான் உங்ககிட்ட வாங்கவே இல்லையே."

"என் படத்தைப் பார்த்துச் செஞ்சதுதானே சார்."

காமு அம்மாள் ஊஞ்சலை நிறுத்தினார். "கொஞ்சம் இருங்கோ. பல்லு போனது இவனுக்கு. சனிக்கிழமை உங்காத்துக்கு வந்து, தப்பு என்னோடதுன்னு சாரி சொல்லிட்டு வந்தவனும் இவன். அப்போ நீங்க கேட்டுண்டு உக்காந்திருந்தேளா?"

"அம்மா," என்றார் அனந்தகிருஷ்ணன்.

"நீ சும்மா இரு. அவரைக் கேக்கறேன்."

"ஆமாம்மா," என்றார் வில்பிரட். "அவர் சொல்றப்பவே சந்தேகம் வந்துச்சு. உக்காந்துதான் இருந்தேன்."

அம்மாள் உள்ளே போய் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து, எங்கள் முன்னால் சத்தம் வரும்படி வைத்தார். சர்க்கரை போடவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வில்பிரட் சொன்னார்: "அந்த மால் விக்கிற சைட்ல எத்தனை பேர் வாங்கியிருக்காங்கன்னு போட்டிருக்கு சார். நானூத்திச் சொச்சம். இன்னும் வாங்குறாங்க."

"அதுக்கு நீங்க என்ன செய்ய முடியும்?"

"சரியான படத்தை அவனுக்கு அனுப்பலாம்."

அன்று இரவே மெர்வினை வரச்சொன்னார். வில்பிரட் எல்லாவற்றையும் சொல்ல, அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றபடி கேட்டான்.

"அத்தான், சும்மா சொல்றீங்களா, நெஜமாவா?"

"நெஜமாத்தான் மாப்ள. ஹாபி சைட்ல பழைய படத்தை எடுத்துட்டு நீ புதுசை ஏத்திடு. இறக்குமதி பண்றவனுக்கு நான் எழுதிக்கிறேன்."

"உங்க மாலுக்கும் அவன் மாலுக்கும் இருக்குற ஒரே வித்தியாசம் அந்த வளைவு. உலோகத்தை அவன் நாளைக்கே மாத்திடுவான். வளைவையும் பார்சல் கட்டிக் குடுத்துட்டா, மூணு மடங்கு விலைக்கு உங்ககிட்ட எவன் வருவான்?"

"வரமாட்டான்."

"தெரிஞ்சுதான் செய்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"நான் ஏத்த மாட்டேன். அக்கா, நீயாவது சொல்லு."

ரத்தினபாய் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடினார். "பத்தொன்பது பேருக்குச் சொல்லணும்னு நான்தான் சொன்னேன். அது நம்ம கை செஞ்சது. இந்தக் காப்பிக்காரன் நம்ம சோத்துல கை வெச்சவன். இவனுக்கு எதுக்கு?"

"இவனுக்கில்ல. இவன்கிட்ட வாங்கினவங்களுக்கு."

"இவன் மாத்துவான்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல."

"மாத்தினா நமக்கு என்ன மிச்சம்?"

"லேத்து இருக்கு. குரோம்பேட்டையில ரெண்டு பேர் ஜாப் ஒர்க் தர்றேங்கிறாங்க. மிஷினுக்குப் போடுற புஷ், ரோலர், இப்படி எதுனா."

"புஷ்!" என்றான் மெர்வின். "சொந்தமா ஒண்ணு கண்டுபிடிச்சுட்டு இனிமே ஊரான் புஷ்ஷைக் கடைஞ்சுக்கிட்டு உக்காரப் போறாரு." வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான்.

அடுத்த இரண்டு நாள் ரத்தினபாய் கணவரோடு பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. வியாழக்கிழமை மீன் குழம்புகூட வைத்தார். ஆனால் காபியைக் கையில் தராமல் கொட்டகைச் சுவரில் வைத்துவிட்டுப் போனார். ஈரத்தில் அது ஆறிப்போகும். வில்பிரட் ஆறியதைக் குடித்தார்.

அந்த இரண்டு நாளும் அவர் படம் வரைந்தார். கட்டம் போட்ட தாள், கூராகச் சீவிய பென்சில், மகள் படித்தபோது வாங்கிய காம்பஸ். மூலைக்கு மூன்று மில்லிமீட்டர் வளைவு. அதை வரையத்தான் நேரம் எடுத்தது. கை ஆயிரம் தடவை செய்ததைத் தாளில் ஒருமுறை கொண்டுவருவதற்குள் மூன்று தாள் கிழிந்தது. வார்ப்பு வேண்டாம், கட்டி அலுமினியத்தில் கடைய வேண்டும் என்றும் ஓரத்தில் குறித்தார். போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது வரை குறித்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கடிதம் எழுத உட்கார்ந்தோம். ஆன்லைன் கடையில் விற்பவருக்கு எழுத மின்னஞ்சல் எதுவும் கொடுக்கவில்லை. அங்கே புகார் எழுதினால் தானாக ஒரு நன்றி வருகிறது, அவ்வளவுதான். அட்டைப்பெட்டியின் மேல் இறக்குமதி செய்பவரின் விலாசம் மட்டும் இருந்தது; மும்பைப் பக்கம் ஒரு கிடங்கு. வில்பிரட் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

"எங்கள் வரைபடத்தைத் திருடி, அப்படின்னு ஆரம்பிக்கட்டுமா?"

"அது வேண்டாம் சார். திருடன்னா மேல படிக்க மாட்டான்."

"அப்போ எப்படி?"

அவர் யோசித்துச் சொன்னது இது:

'ஐயா, நீங்கள் விற்கும் ஹப் கிளாம்ப் என் வரைபடத்தைப் பார்த்துச் செய்தது. அந்த வரைபடத்தில் தவறு இருக்கிறது. தவறு என்னுடையது. கழுத்தும் தட்டும் சேரும் உள்மூலை கூர்மையாக இருப்பதால் விரிசல் விடும். ஒருவருக்குக் கை முறிந்திருக்கிறது. இருப்பில் உள்ளதை விற்க வேண்டாம். வாங்கியவர்களுக்குத் தெரிவியுங்கள். திருத்திய வரைபடம் இத்துடன் இருக்கிறது. இதன்படி செய்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள நம்பருக்குக் கூப்பிடவும். வேலை நேரம் என்றில்லை.'

'செய்துகொள்ளலாம்' என்ற இடத்தில் நான் பேனாவை நிறுத்தினேன். "இப்படி எழுதிக் குடுத்துட்டா பின்னால உங்களுக்கு உரிமை எதுவும் கேக்க முடியாது."

"எழுதுங்க சார்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அப்போது அவர் போன் ஒலித்தது. மெர்வினிடமிருந்து செய்தி: 'புது படம் போட்டோ எடுத்து அனுப்புங்க. ஏத்தறேன். என்னால முடியல அத்தான்.' என்ன முடியவில்லை என்று அவன் எழுதவில்லை. வில்பிரட் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

நாலாக மடித்த வரைபடமும் கடிதமும் உறைக்குள் போயின. மழைக்காலத்தில் உறையின் பசை முன்பே நமுத்துப்போயிருந்தது. அழுத்த அழுத்த வாய் திறந்துகொண்டது. நான் எச்சில் தொட்டுப் பார்த்தேன். கோந்து பாட்டிலில் கோந்து கல்லாகியிருந்தது.

ரத்தினபாய் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கைப்பையைக்கூட வைக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனார். மதியச் சோற்றில் நாலு பருக்கையை விரலில் எடுத்துவந்து, உறையை என் கையிலிருந்து வாங்கி, நசுக்கித் தேய்த்து, டீப்பாய் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். நன்றாக ஒட்டும்வரை கையை எடுக்கவில்லை.

"விலாசம் பெருசா எழுதுங்க சார்," என்றார் என்னிடம். பிறகு கணவரைப் பார்த்து, "கவுன்ட்டர் மூடிடுவாங்க. போறதுன்னா இப்பவே போங்க."

பெருங்களத்தூர் தபால் அலுவலகத்தில் ஸ்பீட் போஸ்ட் கவுன்ட்டரில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண் உறையை எடை போட்டு, விலாசத்தைத் தட்டச்சு செய்து, மும்பை என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள என்ன?"

"ஒரு லெட்டரும் ஒரு படமும்," என்றார் வில்பிரட்.

ரசீது வந்தது. அதை வாங்கிய பிறகும் அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"எப்போ போய்ச் சேரும்மா?"

"நாலு நாள் ஆகும். மழை இல்ல? அஞ்சுகூட ஆகலாம்."

"இதைவிடச் சீக்கிரம் போறதுக்கு வழி ஏதும் இருக்கா?"

"ஸ்பீட் போஸ்ட்டே இதுதான் சார்," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் உறையைப் பின்னால் இருந்த பையில் போட்டார்.